வெள்ளம் வடிந்த பிறகு வன்னிக்கு வேண்டிய வைத்தியத் தொண்டு

[காட்சி: இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள்]

2018 டிசம்பர் 21 இரவு பெய்த பெருமழையில் வன்னியில், கிளிநொச்சி இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வன்னி மறுபடியும் வெள்ளத்தில் கிடந்தது. சனம் பள்ளிக்கூடங்களிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் தங்கியது.

முதல் சில நாட்கள் உதவிக்கு ஆட்கள் குவிவார்கள். சமைத்த சாப்பாடு, பாய், உடுப்பு எல்லாம் வந்துசேரும். நோய் வருவது அதற்குப் பிறகுதான். அதனால் வைத்தியத் தொண்டுக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று கிழமை நிற்கிற மாதிரி வாருங்கள்.

[காட்சி: வகுப்பறைத் தரையில் பாய்கள், மூலையில் ஒரு வயதான அம்மா]

முகாமில் முதலில் தேடவேண்டியது காயக்காரரை அல்ல. பிறசருக்கும் சலரோகத்துக்கும் தினம் குளிசை போடுகிறவர்களை. ஓடிவந்த அவசரத்தில் குளிசைப் பையும் கிளினிக் கொப்பியும் வீட்டிலேயே நனைந்து போயிருக்கும்.

"அம்மா, என்ன குளிசை போடுறனீங்கள்?"

"வெள்ளையா ஒண்டு தம்பி. இரவிலை சின்னன் ஒண்டு."

வெள்ளைக் குளிசை எத்தனையோ இருக்கிறது. ஊகித்து எதையும் கொடுக்காதீர்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த ஆஸ்பத்திரிக் கிளினிக், கடைசியாகக் குளிசை போட்ட நாள்: இவ்வளவையும் எழுதி அன்றைக்கே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொடுங்கள். இன்சுலின் போடுகிறவர் இருந்தால் அவர் பெயர் முதலில் போகட்டும். ஒரு பெட்டி மருந்தைவிட இந்த ஒரு தாள் பெறுமதியானது என்றே நான் நினைக்கிறேன்.

[காட்சி: வடியும் வயல், வரப்பில் எலி வளைகள்]

அடுத்தது எலிக்காய்ச்சல். வெள்ளத்தில் வளைகளை விட்டு வெளியேறும் எலிகளின் சலம் தண்ணீரிலும் சேற்றிலும் கலக்கிறது. காலபோக நெல்லில் மிஞ்சியதையாவது காப்பாற்ற விவசாயி வெறுங்காலோடு அதற்குள் இறங்குகிறார். காலில் ஒரு சின்ன வெடிப்புப் போதும், கிருமி உள்ளே போய்விடும். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என்று பேசப்பட்டதும் இதுதான். உயிர்களும் போயின.

இதைத் தடுக்க டொக்சிசைக்கிளின் என்ற மருந்து உண்டு. வயலில் இறங்குகிற காலம் முழுவதும் கிழமைக்கு ஒருதடவை, 200 மில்லிகிராம். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்கவேண்டும், விழுங்கியவுடன் படுக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது ஆகாது. அதனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தருகிற பட்டியலின்படியே கொடுங்கள். வீடு வீடாகப் போய், விவசாயி விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பதுதான் தொண்டரின் வேலை. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

[காட்சி: கட்டுக்கிணறு, தண்ணீர் இறைக்கும் மோட்டார்]

சரி, கிணறுகள். வெள்ளம் புகுந்த கிணற்றை அவசரப்பட்டு அடிவரை இறைக்காதீர்கள். சுற்றியுள்ள மண் ஊறிப்போய் இருக்கும்போது உள்ளே தண்ணீர் குறைந்தால் கட்டு இடிந்து விழலாம். தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகு இறைத்து, குளோரின் போடவேண்டும். அளவைப் பரிசோதகர் சொல்வார். அதுவரை கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான். வயிற்றோட்டம் தொடங்கினால் உடனே ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த பக்கெற் தூள்) கரைத்துக் கொடுங்கள்.

[காட்சி: சைக்கிளில் போகும் தொண்டர், கையில் பெயர்க் கொப்பி]

எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமைக்குள் காட்டும். முகாம் மூடி எல்லோரும் வீடு திரும்பியிருக்கும் நேரம் அது. அப்போதுதான் அந்தக் கொப்பியோடு திரும்பவும் போகவேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவு, சிவந்த கண், சலம் குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் பனடோலோடு படுக்க விடாதீர்கள். வயலில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.