நிலக்கரி மூட்டை சுமந்த தோள்: ரக்பி வீரர் டக்ளஸ் கிளார்க்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ரக்பியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஓடுகிறவர்களைப் பற்றியே பேசுவார்கள். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டித் தரையில் ஊன்றுகிறவருக்கே புள்ளியும் புகழும் சேர்கின்றன. அவருக்கு வழி திறந்துவிட்ட முன்வரிசைக்காரரின் பெயர் ஆட்டக்காரர் பட்டியலோடு நின்றுவிடுகிறது. அந்த முன்வரிசைக்காரர்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்துவருகிற எனக்கு, அவர்களில் எல்லாரையும்விட நெருக்கமானவர் டக்ளஸ் கிளார்க்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், கம்பர்லாந்து வட்டாரத்து மேரிபோர்ட் துறைமுகத்தை ஒட்டிய எல்லன்பரோ என்னும் ஊரில் 1891ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையார் நிலக்கரி வியாபாரி. 14 வயதில் பள்ளியை விட்டுத் தந்தையோடு சேர்ந்து வீடு வீடாக நிலக்கரி கொண்டுபோய்ப் போடும் வேலையில் இறங்கினார். அந்நாட்டில் ஒரு நிலக்கரி மூட்டை சுமார் 50 கிலோ. அரிசி மண்டியில் மூட்டை ஏற்றுகிறவரை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கை மூட்டையைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். தூக்குவது தொடையும் இடுப்பும் முதுகும். மூட்டை தோளில் ஏறும் அந்த ஒரு கணத்தில் கால் வழுக்காமல் நிற்பதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். இரு அணிகளின் முன்வரிசையினரும் தலை தாழ்த்தித் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ‘ஸ்க்ரம்’ என்பதிலும் அதே தொடை, அதே இடுப்பு, அதே வழுக்காத கால்தான் வேண்டும்.

கிளார்க் ஆடிய ‘ரக்பி லீக்’ என்னும் தனிப் பிரிவு பிறந்த கதையும் உழைப்பாளிகளின் கூலியோடு பிணைந்தது. ஆட்டத்திற்காகச் சனிக்கிழமை வேலையை விட்டு வருகிற சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும், அவர்கள் இழந்த கூலியையாவது ஈடுகட்ட வேண்டும் என்று வடக்கத்திக் கழகங்கள் கேட்டன. தலைமை அமைப்பு மறுத்துவிட்டது. 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் விடுதியில் கூடி, அவை தனியே பிரிந்தன. 1906இல் அணிக்கு 15 பேர் என்பது 13 ஆகக் குறைந்தது. அவர்களில் 6 பேர் முன்வரிசையினர். ஆளைக் குறைத்ததால் திடலில் இடம் கூடியது. ஒவ்வொருவரின் சுமையும் கூடியது.

1909இல் கிளார்க் அந்த ஹடர்ஸ்ஃபீல்டு அணியிலேயே சேர்ந்தார். அணித்தலைவர் ஹரால்டு வாக்ஸ்டாஃப் பந்தைக் கைமாற்றுவதில் வல்லவர். ஓரத்து ஓட்டக்காரரான ஆஸ்திரேலியர் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்டு 1913-14 பருவத்தில் 80 முறை எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை. ரோசன்ஃபெல்டின் ஓட்டத்தைப் பாராட்டும்போதெல்லாம், நடுவில் நின்று எதிரணியின் பாரத்தைத் தாங்கி அவருக்குப் பந்து கிடைக்கச் செய்த கிளார்க்கையும் அவருடைய தோழர்களையும் நினைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருகிறேன், இன்றும் சொல்கிறேன். 1914-15 பருவத்தில் அந்த அணிக்குக் கிடைக்கக்கூடிய 4 கோப்பைகளையும் அதுவே வென்றது.

இனி, 1914 ஜூலை 4 அன்று சிட்னி கிரிக்கெட் திடலில் நடந்த ஆட்டத்திற்கு வருகிறேன். பிரிட்டிஷ் அணி ஆஸ்திரேலியாவுக்குச் சென்றிருந்தது. ஜூன் 27இலும் 29இலும் நடந்த இரண்டு டெஸ்டுகளில் ஆளுக்கு ஒன்றாக வென்றிருந்தார்கள். மூன்றாவதைத் தள்ளி வைத்தால் காயம்பட்டவர்கள் தேறிவிடுவார்கள் என்று பிரிட்டிஷ் தரப்பு மன்றாடியும், ஜூலை 4லேயே ஆடித் தீர வேண்டும் என்றாயிற்று. எட்டே நாளில் மூன்று டெஸ்டுகள்! அதற்கும் மேல் ஒரு செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அன்று கிடையாது. அது 1960களில்தான் வந்தது. ஒருவர் விழுந்தால் அவருடைய இடம் வெறுமையாகவே கிடக்கும்; அவருடைய சுமையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் ஓரத்து ஓட்டக்காரர் ஃபிராங்க் வில்லியம்ஸ் காலில் அடிபட்டார். கிளார்க்குக்குக் கட்டைவிரல் எலும்பு முறிந்தது. விரலை இறுகக் கட்டிக்கொண்டு தொடர்ந்து ஆடினார். முறிந்த கட்டைவிரலோடு ஓடுகிறவனை மடக்கிப் பிடிப்பது என்ன வேதனை என்பதை, அந்த விரலில் சிறு வெட்டுக்காயத்தோடு ஒரு குடம் தூக்கிப் பார்த்தவர்களே ஓரளவு உணர முடியும். பிறகு காறை எலும்பிலும் பலமாக அடிபட்டது. கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே, மூட்டை வந்து அமர்கிற இடத்து எலும்பு அது. வெளியே போய்க் கட்டுப்போட்டுக்கொண்டு மீண்டும் ஆட வந்தார். உடல் இடம் கொடுக்கவில்லை. கண்ணீர் வழியத் திடலை விட்டு வெளியேறினார். ஆட்டக்காரர் பில்லி ஹாலும் தலையில் அடிபட்டு வெளியேற, ஏறக்குறைய கடைசி அரை மணி நேரம் 13 ஆஸ்திரேலியர்களுக்கு எதிரே 10 பேர் நின்றார்கள். அந்தப் பத்துப் பேரும் கோட்டைக் காத்ததோடு நிற்கவில்லை. ஆள் போதாமல் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்த முன்வரிசைக்காரர் சிக் ஜான்சன், பந்தைக் காலாலேயே தட்டிக்கொண்டு ஓடி எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஊன்றினார். 14க்கு 6 என்ற கணக்கில் வென்றார்கள்.

1879இல் தென்னாப்பிரிக்காவில் சிறு பிரிட்டிஷ் படை ஒன்று திரளான சூலு மக்களை எதிர்த்து நின்ற சண்டையின் பெயரால் இதனை ‘ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட்’ என்பார்கள். ஒருவர் மண்ணைப் பிடிக்கச் சென்ற போரின் பெயரை இந்த ஆட்டத்திற்குச் சூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு மாதத்தில் உலகப் போர் மூண்டது. ஹடர்ஸ்ஃபீல்டின் முன்வரிசையில் கிளார்க்கோடு நின்ற ஃபிரெட் லாங்ஸ்டாஃப் 1916இல் போர்முனையில் இறந்தார். கிளார்க் படையின் லாரிப் பிரிவில் சேர்ந்து மேற்குப் போர்முனைக்குச் சென்றார். அங்கும் சுமை கொண்டுசேர்க்கும் வேலைதான். 1917இல் பாஷன்டேல் போர்க்களத்தில் காட்டிய துணிவுக்காக அவருக்கு ராணுவப் பதக்கம் கிடைத்தது. காயமும் பட்டு, நச்சுப்புகையையும் சுவாசித்து, 95 விழுக்காடு உடல் தகுதி இழந்தவர் என்ற சான்றோடு ஊர் திரும்பினார். அதே மனிதர் 1920இல் பிரிட்டிஷ் அணியோடு மீண்டும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். 1929 வரை, அதாவது 38 வயது வரை, ஹடர்ஸ்ஃபீல்டுக்கே ஆடினார்.

அவருடைய மல்யுத்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. கம்பர்லாந்து முறையில், இருவரும் எதிராளியின் வலத்தோளில் மோவாயைப் பதித்து, முதுகுக்குப் பின்னே கைகளைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள். பிடி விட்டவரும் தோற்றவர், முதலில் தரையைத் தொட்டவரும் தோற்றவர். அந்த முறைக்குப் பேர்பெற்ற கிராஸ்மியர் களத்தில் கிளார்க் பட்டம் வென்றார். 1930களில் தொழில்முறை மல்யுத்தத்திலும் இறங்கி, காறை எலும்பில் அடிபட்ட அதே ஆஸ்திரேலியாவுக்கு மல்யுத்த வீரராகவும் போய்வந்தார். 1951இல் காலமானார்.

நன்றி, வணக்கம்.