பழைய 50 எம்.எம். லென்ஸைத் திருப்பி மாட்டி சிலந்தியைப் படம் எடுப்போம்

வணக்கம் நண்பர்களே! மொட்டை மாடியில் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இலை மேலே உளுந்து அளவில் ஒருத்தர் இருக்கிறார், தெரிகிறதா? தாவும் சிலந்தி. வலை கட்டிக் காத்திருக்கிற ஆள் இல்லை, பாய்ந்து பிடிக்கிற ஆள்.

என் கையில் இருப்பது, சின்னதைப் பெரிதாகக் காட்டவே செய்த மேக்ரோ லென்ஸ் இல்லை. பழைய 50 எம்.எம். லென்ஸ்தான், முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன். நடுவில் இருப்பது ரிவர்ஸ் ரிங். ஒரு பக்கம் கேமராவில் பூட்டும், மறுபக்கம் லென்ஸின் ஃபில்டர் மரையில் ஏறும். இப்படி மாட்டினால் ஏறக்குறைய 1:1 கிடைக்கும். அதாவது 5 மி.மீ. சிலந்தி, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலும் 5 மி.மீ. அளவுக்கே விழும். கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 கிட் ஜூம் லென்ஸையும் திருப்பலாம். 18 பக்கம் போகப் போக உருவம் பெரிதாகும், ஆனால் தொடக்கத்தில் அங்கே போகாதீர்கள். சிலந்தியை ஃபிரேமுக்குள் தேடியே கழுத்து வலித்துவிடும்.

திருப்பியதும் கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, கையாலேயே திருப்பி மாற்றும் வளையம் உள்ள பழைய லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். நான் எஃப்/8 வைக்கிறேன். இந்த எண் ஏற ஏறத் துளை சிறுக்கும், வெளிச்சம் குறையும், தெளிவாக விழும் ஆழம் கூடும். அதிலும் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண் தெளிவாக இருந்தால் போதும், முதுகு மங்கினால் மங்கட்டும். ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம். இடது கையால் கிளையைப் பிடித்து, அந்தக் கை மேலேயே லென்ஸைத் தாங்கி, உடம்பை லேசாக முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளிகிற நொடியில் அழுத்துங்கள்.

சரி, இப்போது வெளிச்சம். என்னைக் கேட்டால் லென்ஸைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். 1:1-ல் எஃப்/8 என்பது எஃப்/16 மாதிரி இருட்டிவிடும், ஃபிளாஷ் இல்லாமல் ஆகாது. ஆனால் வெறும் ஃபிளாஷ் அடித்தால் படத்தில் சிலந்தியின் கண் கெட்டுவிடும். இதற்கு எட்டுக் கண், முன்வரிசையில் நாலு, அதில் நடு இரண்டும் பெரிசு. ஃபிளாஷ் என்ன வடிவமோ அதுவே அந்தக் கண்ணில் வெள்ளைப் பொட்டாக விழும்.

அதற்குத்தான் ஃபிளாஷ் முன்னால் மாட்டும் இந்த டப்பா, வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூஸர். குழாய் மாதிரி வரும் சிப்ஸ் டப்பா, உள்ளே அலுமினியத் தாள், வாயில் பார்சலில் வரும் வெள்ளை ஃபோம் தாள் இரண்டு மடிப்பு. ஃபோம் லென்ஸ் நுனிக்கு நேர் மேலே, சிலந்திக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே வர வேண்டும். அமெரிக்காவில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த தாமஸ் ஷாஹான் தாவும் சிலந்திப் படங்களால் பேர் வாங்கியதே திருப்பி மாட்டிய பழைய லென்ஸும் வீட்டில் செய்த டிஃப்யூஸரும் வைத்துத்தான்.

இன்னொன்று. அந்தப் பெரிய கண்ணின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். வெளி லென்ஸ் தலையோடு ஒட்டியது, அசையாது. உள்ளே விழித்திரைதான் அங்கும் இங்கும் திரும்பும். கண் முழுக் கருப்பாகிவிட்டதா? உங்களைத்தான் பார்க்கிறது, அழுத்துங்கள்.

சிலந்தியை ஃப்ரிட்ஜில் வைத்து மந்தமாக்கிப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வெயில் ஏறுமுன் வந்தால் தானாகவே மந்தமாக இருக்கும். அப்புறமும் நிற்கவில்லை என்றால், வலை நடுவில் எக்ஸ் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆர்ஜியோப் சிலந்தியிடம் பழகுங்கள், அது பகல் முழுக்க இடம் மாறாது.

இருங்கள், இவர் லென்ஸ் மேலேயே தாவிவிட்டார். பின்கண்ணாடி வெளியே இருக்கிறது, தட்டிவிடக் கூடாது. ஒரு இலையை நீட்டி இறக்கிவிட்டு வருகிறேன்.