பத்திரம் பீரோவில், பேங்க் பெயர் வில்லங்கத்தில்

வணக்கம் நேயர்களே. வங்கியில் வீட்டுக்கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். போன வருடம் எங்கள் தெருக்காரர் ஒருவர் வில்லங்கச் சான்றைக் கையில் பிடித்தபடி வந்தார். "சார், கடனைக் கட்டி முடிச்சு ஒன்பது வருஷமாச்சு. பத்திரம் எங்கிட்டதான் இருக்கு. இதுல மட்டும் பேங்க் பேரு அப்படியே நிக்குதே?" என்றார். வீட்டை விலை பேசியவர் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

நகையை வைத்தால் அடகு என்கிறோம், வீட்டை வைத்தால் அடமானம். வீட்டில் நாம் குடியிருப்போம், பத்திரம் மட்டும் வங்கியின் பெட்டகத்தில் தூங்கும். இப்படிப் பத்திரத்தைக் கையில் கொடுத்தாலே அடமானம் ஆகிவிடும் என்று 1882ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்கிறது. இது செல்லும் ஊர்களாக, கல்கத்தா, பம்பாயோடு நம் மெட்ராஸையும் அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். பத்திரத்தை ஒப்படைத்ததற்கு எழுதும் ஆவணத்துக்குத்தான் வங்கியில் எம்.ஓ.டி. என்று பெயர். சார்பதிவாளர் அலுவலகத்தில் அது பதிவாகும். பதிவானதும் வில்லங்கத்தில் ஏறும்.

வில்லங்கம் என்றதும் ஏதோ வம்பு என்று சிலர் பயப்படுகிறார்கள். ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்று ஒரு சொத்தின் மேல் பதிவான நடவடிக்கைகளின் பட்டியல், அவ்வளவுதான். பதிவாகாத எதுவும் அதில் வராது. தாத்தா எழுதிப் பெட்டியில் வைத்த உயில், அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட பாகம், இவையெல்லாம் அதில் தெரியாது. "முப்பது வருஷத்துக்கு ஈ.சி. சுத்தமா இருக்கு" என்று புரோக்கர் சொன்னால் சந்தோஷப்படலாம். அதோடு நிறுத்திவிடாமல், விற்பவருக்கு அந்தச் சொத்து யாரிடமிருந்து, எப்படி வந்தது என்று காட்டும் தாய்ப் பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது அவசியம் வேண்டும், ஆனால் பட்டா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சொத்து என்னுடையது என்று சாதிக்க முடியாது.

அடுக்குமாடியில் வாங்குகிறவர்கள் இரண்டு சொற்களை மறக்கக் கூடாது. ஒன்று யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் நமக்குள்ள பிரிபடாத பாகம். உதாரணமாக, ஒரு மனை இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி என்று வையுங்கள். அதில் ஒரே அளவில் எட்டு வீடு கட்டினால் ஆளுக்கு 600 சதுர அடி வர வேண்டும். உங்கள் பத்திரத்தில் 420 என்று இருந்தால், மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். சங்கடப்படாதீர்கள். கட்டடம் வருடா வருடம் பழசாகும். நாற்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும்போது பேச்சுக்கு வருவது அந்த மண் மட்டும்தான். இன்னொரு சொல் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுச் சுவர்களுக்குள் நாம் புழங்கும் தரைப் பரப்பு. விளம்பரத்தில் 1,200 சதுர அடி என்று போட்டிருப்பார்கள். அதில் மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாம் சேர்ந்திருக்கும். உள்ளே போய் டேப் பிடித்தால் 850 தேறினால் அதிகம். 2016ஆம் வருட ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கார்பெட் ஏரியா கணக்கில்தான் விற்க வேண்டும் என்கிறது.

இனி வட்டி. 30 லட்சம் கடன், 9 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 26,992 ரூபாய். முதல் மாதத் தவணையைக் கட்டிவிட்டு அசல் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். வெறும் 4,492. மீதி 22,500 ரூபாயும் வட்டிக்குப் போய்விடும். என் மேசைக்கு எதிரே இந்தக் கணக்கைக் கேட்டுத் தண்ணீர் குடிக்காதவர்கள் குறைவு. இதில் வங்கி ஏமாற்றவில்லை, நிலுவைக்கு வட்டி போட்டால் அப்படித்தான் வரும்.

ஃப்ளோட்டிங் வட்டி என்றால் மாறும் வட்டி. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் இந்தக் கடன்களின் வட்டியை, பெரும்பாலும் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு கட்டிவைத்திருக்கிறார்கள். ரெப்போ ஏறினால் நமக்கும் ஏறும். ஆனால் தவணைத் தொகை பல சமயம் மாறாது, காலம்தான் நீளும். மேலே சொன்ன கடனில் ஆரம்பத்திலேயே அரை சதவீதம் ஏறினால் 240 மாதம் 269 மாதம் ஆகிவிடும். எஸ்.எம்.எஸ். ஒன்று வரும், நாம் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்திருப்போம். ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று கேளுங்கள். போனஸ் வந்தால் அசலில் கட்டுங்கள். சொந்த வீட்டுக்காகத் தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது.

தெருக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கடனை அடைத்தார், பத்திரத்தை வாங்கினார், சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு பீரோவில் பூட்டிவிட்டார். கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து எம்.ஓ.டி.யை நீக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் உத்தரவு தெளிவாக இருக்கிறது. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், சொத்தின் மேல் பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும். இவருடையது அதற்கு முந்தைய காலத்துக் கடன். போதாக்குறைக்கு அந்தக் கிளையே இன்னொரு கிளையோடு சேர்ந்துவிட்டது. பழைய கணக்கைத் தேடி, கடிதம் வாங்கி, அதிகாரியை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துவர மூன்று மாதம் ஆயிற்று.

பிறகு மறுபடி ஈ.சி. போட்டுப் பார்த்தோம். கடைசி வரியில் ரசீது ஏறியிருந்தது. அட்வான்ஸ் கொடுத்தவர் அதற்குள் பக்கத்துத் தெருவில் வேறு வீடு வாங்கிப் பால் காய்ச்சியிருந்தார்.

நன்றி, வணக்கம்.