கட்டுக்குக் கட்டு பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளில் ஒயரிங், சவுண்ட் வேலை பார்க்கிறவன் நான். வீடு முழுக்க நல்ல தரத்தில் பாட்டு கேட்க என்ன ஏற்பாடு செய்யலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வீடு முழுக்க என்று சென்னைக்காரர் சொன்னால் ஒரு ஹால், இரண்டு படுக்கையறை. கானாடுகாத்தான்காரர் சொன்னால் இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் பட்டாலை என்ற கூடம், வளவு என்ற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். வீட்டின் ஒவ்வொரு பகுதியும் ஒரு கட்டு. ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியின் மேல் 'வீடு முழுவதற்கும்' என்று அச்சடித்தவர்கள் நம் வீட்டைப் பார்த்துவிட்டு அச்சடிக்கவில்லை.

எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான். வளவில் பெரிசாக இரண்டு ஸ்பீக்கர் வைத்துவிட்டால் திண்ணை முதல் அடுப்படி வரை கேட்காதா? கேட்கும். ஆனால் அது மைக் செட் பழக்கம். வளவில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது கிழியும், அடுப்படியில் இருப்பவருக்குப் பாட்டு என்று தெரியுமே தவிர என்ன பாட்டு என்று தெரியாது. சரி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஸ்பீக்கர் வைத்து எல்லாவற்றையும் சத்தமாகப் பாடவிட்டால்? அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். வளவிலிருந்து 30 மீட்டர் தள்ளித் திண்ணையில் இருப்பவரின் காதுக்கு வளவு ஸ்பீக்கரின் மிருதங்கச் சொல் வந்துசேர 85 மில்லி நொடி ஆகும். அவர் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் அதே சொல்லை ஏற்கெனவே சொல்லி முடித்திருக்கும். 50 மில்லி நொடியைத் தாண்டிவிட்டால் காது இரண்டாவதைத் தனிச் சத்தமாக எடுத்துக்கொள்ளும். காரைக்குடி மணியின் தனி ஆவர்த்தனத்தை இப்படிக் கேட்டால் ஒரு கணக்கும் புரியாது, இரண்டு பேர் போட்டி போட்டு வாசிப்பதாகத் தோன்றும்.

ஆகவே நான் எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்வது: கட்டுக்குக் கட்டு சின்ன ஸ்பீக்கர், தணிந்த சத்தம். ஒரு கட்டின் பாட்டு அந்தக் கட்டுக்குள்ளேயே அடங்க வேண்டும், அடுத்த கட்டுக்குப் போய் அங்கே இருப்பதோடு மோதக் கூடாது. இந்த வீடுகளைக் கட்டியவர்களும் அப்படித்தானே நினைத்துக் கட்டினார்கள். முகப்பில் வியாபாரம் பேசினால் இரண்டாம் கட்டுக்குக் கேட்காது.

இன்னொரு விஷயம், அறையே பாட்டோடு சேர்ந்து பாடும். ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் பேராசிரியர் 1890-களின் கடைசியில் இதைக் கணக்குப் போட்டார். ஒரு பரப்பு எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்பதற்கு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். திறந்த ஜன்னலில் போன ஒலி திரும்பி வராது, முழுதும் போய்விட்டது. அதோடு ஒப்பிட்டால் பளிங்கும் மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சும் நூற்றில் ஓரிரண்டு பங்குதான் விழுங்கும், மிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நம் வீட்டில் என்ன இருக்கிறது? கண்ணாடி மாதிரி இழைத்த சுவர், கீழே ஆத்தங்குடிக் கல் அல்லது இத்தாலியப் பளிங்கு, மேலே உயரமான கூரை. மூடிய பட்டாலையில் கை தட்டிப் பாருங்கள், சத்தம் சுற்றிச் சுற்றி வந்து அப்புறம்தான் அடங்கும். வீணை அங்கே பாவம். காரைக்குடி சகோதரர்கள் என்று பேர்பெற்ற சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் வழியில் ஒரு மீட்டுக்குள் எத்தனை கமகம்! ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழுந்தால் எல்லாம் சேறாகிவிடும்.

வளவில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. நடுவில் வானம் திறந்திருக்கிறது, சபைன் சொன்ன திறந்த ஜன்னலிலேயே பெரியது அதுதான். வீட்டில் பாட்டு கேட்க நல்ல இடம் எது என்றால் யோசிக்காமல் வளவு என்பேன். ஸ்பீக்கரைத் தூணுக்கு உட்புறம், சாரல் படாத இடத்தில், உட்காருகிறவர் காது உயரத்துக்கு வைத்தால் போதும். பட்டாலையில் கேட்டே ஆக வேண்டும் என்றால் கனமான சமுக்காளத்தை விரியுங்கள், ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் ஒன்றைச் சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள், மெத்தை தைத்த நாற்காலி போடுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதைவிட இதில் பலன் அதிகம். விசேஷ நாளில் பட்டாலை நிறைய ஆள் உட்கார்ந்தால் இதுகூட வேண்டாம், உடுத்திய துணியும் உடம்பும் நன்றாகவே ஒலியை விழுங்கும்.

அடுத்து, பாட்டு ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்கு எப்படிப் போகிறது? ப்ளூடூத்தை மறந்துவிடுங்கள். பத்து மீட்டருக்கு மேல் நம்ப முடியாது, நடுவில் தடித்த சுவர் வந்தால் அதுவும் கிடையாது. வைஃபை தேவலை, ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய அகலச் சுவர் இரண்டைத் தாண்டினால் அதுவும் சோர்ந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சீக்கிரம் சோரும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நான் ஒயர்தான் போடச் சொல்வேன். கேட்-6 என்ற நெட்வொர்க் (ஈதர்நெட்) ஒயர் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். குறுவட்டுத் தரத்தில் ஒரு பாட்டுக்கு நொடிக்கு 14 லட்சம் பிட் இருந்தால் போதும், சுருக்கி அனுப்பினால் அதிலும் குறையும். சாதாரண ஒயரே நொடிக்கு நூறு கோடி பிட் கொண்டுபோகும். பத்துக் கட்டில் பத்துப் பாட்டு ஓடினாலும் அது அசராது.

ஒயரை எங்கே ஓட்டுவது என்பதுதான் சங்கடம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சில் டிரில்லிங் மெஷினை வைத்தால் எனக்கே கை நடுங்கும், அந்தப் பூச்சை அதே மாதிரி ஒட்டுப்போடக் கொத்தனார் கிடைப்பது அரிது. நிலைக்கு மேலே, உத்தரத்தின் ஓரத்தில், பழைய மின்சார ஒயருக்காக அடித்த மரப்பட்டை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதை ஒட்டிப் போகலாம், ஆனால் அதே பட்டைக்குள் மின்சார ஒயரோடு சேர்த்துத் திணிக்கக் கூடாது. மொட்டை மாடி வழியாக இழுப்பவர்கள் வெயிலுக்குத் தாங்கும் வெளிப்புற ஒயராகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஒயரின் மேல்தோல் வெயிலில் வெடித்துவிடும்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று. ஒரே வீடு, ஆனால் நாலு பங்காளிக்கு நாலு கரண்ட் மீட்டர். முன்கட்டுக்கு ஒரு இணைப்பு, பின்கட்டுக்கு வேறொன்று, எர்த்தும் தனித்தனி. இரண்டுக்கும் நடுவே ஆடியோ ஒயரை இழுத்தால் ஸ்பீக்கரில் ஊ என்று ஒரு உறுமல் நிரந்தரமாகக் குடியேறும். மின்சார ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் சின்னக் கருவியும் இரண்டு கரண்ட் மீட்டருக்கு நடுவே ஒழுங்காக வேலை செய்யாது. இந்த மாதிரி வீடுகளில் முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் மட்டும் கண்ணாடி இழை ஒயர் போடுங்கள். இரண்டு முனையிலும் அதை ஈதர்நெட்டாக மாற்றும் சின்னப் பெட்டி, அவ்வளவுதான். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. உறுமலும் வராது, ஒரு பக்கம் இடி இறங்கினால் அந்த ஒயர் வழியாக மறுபக்கம் தாவவும் வழியில்லை. ஐப்பசி மழையில் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி பெட்டிகள். பாட்டுகளை எல்லாம் வைத்திருக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதுதான் சர்வர். கட்டுக்கு ஒரு பிளேயர், அதோடு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும். ரெடிமேடாக வேண்டுமானால் சோனோஸ் மாதிரி நிறுவனங்கள் 2005 முதல் விற்கின்றன. சுலபம், விலை அதிகம். ஒரு கம்பெனிப் பொருளோடு இன்னொரு கம்பெனிப் பொருளை ஒரே தாளத்தில் ஓடவைப்பது மட்டும் பெரும்பாடு. ஒவ்வொரு பிளேயரும் தனக்குள் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலும் ஒரு மணி நேரக் கச்சேரியில் 180 மில்லி நொடி விலகிவிடும். நல்ல ஏற்பாடு என்றால் சர்வர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்து அவ்வப்போது சரிசெய்ய வேண்டும்.

எனக்குப் பிடித்தது திறந்த மென்பொருள் வழி. காரணம் சொல்கிறேன். ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன நிறுவனம் ஸ்குவீஸ்பாக்ஸ் என்று ஒரு பிளேயர் கொண்டுவந்தது. 2006-இல் லாஜிடெக் அதை வாங்கியது, 2012-இல் அந்தக் கருவிகளை நிறுத்தியது, 2024-இல் இணையச் சேவையையும் மூடியது. ஆனால் சர்வர் மென்பொருள் எல்லாருக்கும் திறந்தது என்பதால் பயனர்களே தொடர்ந்து பராமரித்தார்கள். இப்போது அதற்கு லிரியன் மியூசிக் சர்வர் என்று பெயர். பழைய ஸ்குவீஸ்பாக்ஸும் அதில் பாடுகிறது, ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரும் பாடுகிறது. மூன்று தலைமுறைக்குச் சேர்த்துப் பொருள் வாங்கிப் பழகிய ஊர் இது. கம்பெனி கடையை மூடினால் செத்துப்போகும் பெட்டியை இங்கே எதற்கு வாங்க வேண்டும்?

ராஸ்பெர்ரி பை வாங்கினால், அதில் ஹெட்போன் துளை இருந்தாலும் அதில் ஸ்பீக்கரை மாட்டிவிடாதீர்கள், அதன் தரம் சுமார்தான். பிட்டை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் டிஏசி அட்டை, மேலே சொருகுவது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருளுக்கு பைகோர்பிளேயர் நல்லது. அது முழுக்க நினைவகத்தில் ஓடுவதால் திடீரென்று கரண்ட் போனாலும் மெமரி கார்டு கெடாது. பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கு, அப்புறம் ஒயர் வேலைக்கு. பாட்டு இனிக்கும் என்று சொல்லி ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு நெட்வொர்க் ஒயர் விற்கிறார்கள். பிட் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான், அதில் இனிப்பு ஏது!

கோப்பு விஷயத்தில் நான் கறார். எம்பி3 வேண்டாம், ஃபிளாக் வேண்டும். 2001-இல் வந்த ஃபிளாக் ஒரு பிட்டைக்கூட இழக்காமல் குறுவட்டை ஏறத்தாழப் பாதி அளவுக்குச் சுருக்கும். ஒரு டெராபைட் டிஸ்கில் 2500 மணி நேரப் பாட்டு பிடிக்கும். இன்னொரு லாபமும் உண்டு. ராகம், பல்லவி, தனி என்று பிரித்து வைத்த கச்சேரியில் எம்பி3 ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பொடி மௌனம் ஒன்றைச் சேர்த்துவிடும், தம்புரா அங்கே விக்கும். ஃபிளாக்கில் அது இல்லை.

பரணில் இசைத்தட்டும் கேசட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் இசைத்தட்டு வியாபாரம்தான் செய்தார், அவருடைய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றது. உங்கள் பரணிலும் ஒன்றிரண்டு இருக்கலாம். பழைய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் தட்டே கரையும். காய்ச்சி வடித்த நீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைத்தால் போதும். அதன் பள்ளம் எல்பி பள்ளத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம், அதற்கென்று உள்ள முள்ளைப் போட்டு 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். கல்யாணத்தில் பிடித்த நாதஸ்வரக் கேசட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் எடுங்கள். இசைத்தட்டுக்கு வேறு எங்கோ இன்னொரு பிரதி இருக்கலாம், அந்தக் கேசட்டுக்குக் கிடையாது.

பெயர் போடும் வேலையை ஒத்திப் போடாதீர்கள். இந்த மென்பொருள்கள் பாடகர், ஆல்பம் என்று பிரிக்கத்தான் பழகியவை, ராகத்துக்கு இடம் கிடையாது. வகை என்று இருக்கும் கட்டத்தில் ராகத்தையும், இசையமைப்பாளர் கட்டத்தில் சாகித்தியகர்த்தாவையும் போட்டுவிடுங்கள். தமிழிலேயே போடுங்கள். 1943-இல் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு ரோமன் எழுத்தில் தேடுவானேன்? ஆச்சிமார் தேடவெல்லாம் மாட்டார்கள், பொத்தானை அமுக்கினால் பாட வேண்டும். காலையில் சுப்ரபாதம், சாயங்காலம் தேவாரம் என்று இரண்டு பொத்தான் அமைத்துக் கொடுத்துவிட்டால் அவர்கள் ஃபோனையே தொட வேண்டியதில்லை.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், மற்றவற்றில் ஸ்பீக்கர் இரையும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் மட்டும் திறக்கிற வீடானால், பூட்டுமுன் பிளக்கையும் நெட் ஒயரையும் சேர்த்தே கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் இடிக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒயர்த் துளைகளை அடைத்துவிட்டுப் போங்கள், எலிக்கு ஒயரின் மேல்தோல் என்றால் உயிர். டிஸ்க் என்றைக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரு பிரதி வளவு வீட்டு அலமாரியில், ஒன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளையிடம். அவர் அடுத்த முறை வரும்போது புதிதாகச் சேர்ந்ததை அதில் ஏற்றிக் கொடுத்தனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.