டீச்சருக்கும் ஒரு தட்டு

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் நமக்காக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி வந்திருக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து, இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் என் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அழைப்பிதழைக் காசு வாங்காமல் அச்சடித்துக் கொடுத்த அச்சக அண்ணன் அவர்களே, சத்துணவு அமைப்பாளர்களே, பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம். சமையலர் அக்காக்கள் ஏன் பின்னால் நிற்கிறீர்கள்? முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். இன்றைக்கு நான் பேசப்போவது உங்கள் வேலையைப் பற்றித்தான்.

போன மே மாதம், நமக்குக் கோடை விடுமுறை. ஜப்பானில் ஏப்ரலில்தான் கல்வியாண்டு தொடங்குகிறது, அதனால் பள்ளிகள் முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தன. ஆசிரியர் பரிமாற்றப் பயணமாகப் பத்து நாள் அங்கே இருந்தேன். வடக்கே யாமகாட்டா மாகாணம். ஷோனாய் சமவெளி முழுக்க நடவு நடந்துகொண்டிருந்தது. இறங்கியதும் நம்ம டெல்டாவுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. பார்த்தது நான்கே பள்ளிகள். நான்கைப் பார்த்துவிட்டு ஒரு நாட்டைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். என் அம்மா ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உலையை இறக்குவார்.

வகுப்பறை, துப்புரவு, சாப்பாடு என்று மூன்று விஷயங்கள் சொல்கிறேன். முதலில் வகுப்பறை. 45 நிமிடக் கணக்கு வகுப்பில் ஒரே ஒரு கணக்குதான். பிள்ளைகள் ஆளுக்கொரு வழியில் போட்டு, கரும்பலகையில் எழுதி, எது சுலபம் என்று வாதாடுகிறார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன். அப்புறம் துப்புரவு. வகுப்பறையையும் நடைபாதையையும் பிள்ளைகளே தினமும் துடைக்கிறார்கள், அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் வாட்ஸப்பில் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு வருகிறேன்.

முதல் நாள் மதியம் விருந்தாளிக்கு எங்கோ தனியாக மேசை போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நான்காம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் உட்காரும் அதே சின்ன நாற்காலி எனக்கும். மேசைகளை எதிரெதிராகச் சேர்த்துப் போட்டு, நாலு நாலு பேராக உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு, தொப்பி, முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு, குழம்புப் பாத்திரத்தை இரண்டு பேராகப் பிடித்துத் தூக்கிவந்தார்கள். சோறு, மீன், சோயா விழுதில் செய்த சூப்பு, ஒரு பெட்டி பால். சூப்பு ஊற்றிய பையனுக்கு ஒன்பது வயசிருக்கும். ஊற்றிக்கொண்டே வந்தவனுக்குக் கடைசியில் இரண்டு கிண்ணத்துக்குப் போதவில்லை. நம்ம வகுப்பாக இருந்தால் நான் எழுந்து கத்தியிருப்பேன். அந்த ஆசிரியர் வாயே திறக்கவில்லை. பையன் இரண்டு கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனான். ஒவ்வொரு பிள்ளையும் தன் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் ஊற்றியது. என்னிடமும் வந்தான், நானும் ஊற்றினேன். இரண்டு கிண்ணமும் நிறையும்வரை அந்த வகுப்பில் ஒருவரும் சாப்பிடத் தொடங்கவில்லை. பிறகு எல்லோரும் கைகூப்பி ‘இதாதாகிமாசு’ என்றார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தமாம். அன்றைக்கு ஒரு பிள்ளை வரவில்லை, ஒரு பால் மிச்சம். அதற்குக் கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடினார்கள். ஆசிரியரும் வரிசையில் நின்று விளையாடித் தோற்றார். ஒரு சின்னப் பெண் ஜெயித்துக் குதித்தாள். குடித்து முடித்ததும் பால் பெட்டியைப் பிரித்து, கழுவி, தட்டையாக மடித்து அடுக்கச் சொல்லி எனக்கும் கற்றுக்கொடுத்தாள்.

அங்கே தலைமையாசிரியர் என்ன செய்கிறார் தெரியுமா? பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்பே அதே சாப்பாட்டை அவர் சாப்பிட்டுப் பார்க்கிறார், நாள் தவறாமல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், அந்த ஒரு சோறு தலைமையாசிரியரின் நாக்கில். நம்மிடமும் ஆசிரியர் ருசி பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்ற விதி இருக்கிறது. ருசி பார்ப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு ஆசிரியர் அறைக்குப் போய் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுகிறோம்.

அதே மாகாணத்தில் சுருவோகா என்ற ஊருக்கும் போனோம். 1889இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு கோவில் வளாகத்தில் நடந்த பள்ளியில் சோற்று உருண்டை, சுட்ட மீன், ஊறுகாய் கொடுத்தார்கள். ஜப்பானியப் பள்ளி மதிய உணவு பிறந்த இடம் என்று அங்கே நினைவுக்கல் இருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது எனக்குச் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிதான் ஞாபகம் வந்தது. 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி அங்கே தன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. பிறகு 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவுத் திட்டம். ஜப்பானில் இதற்குச் சட்டம் வந்ததே 1954இல்தான். அங்கே நெடுங்காலம் பெற்றோர்தான் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவந்தார்கள். நாம் காசு வாங்காமல் போடுகிறோம். சோறு போடுவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை ஐயா. கூட உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் விட்டுவிட்டோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து வாரம் ஒரு நாள் நானும் தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறேன். மூன்றாவது வாரம் பக்கத்தில் இருந்த ஏழாம் வகுப்புப் பெண், முட்டையைச் சாப்பிடாமல் பையில் இருந்த டப்பாவில் வைத்து மூடினாள். ‘ஏம்மா?’ என்றேன். ‘தம்பிக்கு, டீச்சர்’ என்றாள். பள்ளி வயசு வராத தம்பி. மூன்று வருடமாக அவளுக்கு நான் கணக்கு எடுக்கிறேன், எனக்கு இது தெரியாது. மறுநாளே தம்பியை அங்கன்வாடியில் சேர்க்கச் சொல்லி அவள் அம்மாவைப் பார்த்தேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்தப் பெண் மாதிரி இன்னும் எத்தனை டப்பாக்கள் இருக்கின்றன என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தானே தெரியும்?

முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். வாரம் ஒரு நாள் ஆசிரியரும் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சாப்பாட்டுக்கான காசை நாங்களே கட்டிவிடுகிறோம், பிள்ளைகள் பங்கில் கை வைக்க வேண்டாம். நகராட்சித் தலைவர் அம்மா, எங்கள் பள்ளியில் கைகழுவ மூன்று குழாய்தான் இருக்கிறது. இன்னும் ஐந்து போட்டுக்கொடுங்கள்.

வருகிற புதன்கிழமை மதியம் 12.30 மணிக்கு மேடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் எங்கள் பள்ளி வராந்தாவில் தட்டு போட்டு வைத்திருப்போம். தலைமையாசிரியர் ஐயாவுக்கு மட்டும் நாற்காலி, அவருக்கு முட்டி வலி. மற்றவர்கள் எல்லோரும் பிள்ளைகளோடு தரையில்தான். அவசியம் வந்துவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.