கவரேஜ் கோப்பு எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் உட்கார்ந்து மெஷின்களுக்கு ப்ரோக்ராம் எழுதும் பிள்ளைகள் நம் கோவையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். “கவரேஜ் போட்டேன், கோப்பே வரவில்லை” என்பது அவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு. ப்ரோக்ராமை ஓட்டும்போது அதன் எந்தெந்த வரி எத்தனை முறை ஓடியது என்று கணக்கெடுப்பதுதான் கவரேஜ்; அந்தக் கணக்கு ஒரு கோப்பில் எழுதப்படும். பெரும்பாலும் கோப்பு வந்திருக்கும். இவர்கள் தேடாத இடத்தில் இருக்கும். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமுக்கு, நூற்ற அளவை எண்ணும் ஹேங்க் மீட்டர் இருக்கிறதல்லவா? ஷிப்ட் முடிந்ததும் அதைப் பார்த்துக் கணக்கு எழுதுவார்கள். நாம் எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் ஜி.சி.சி. கம்பைலரிடம் கவரேஜ் கேட்டால், ப்ரோக்ராமின் ஓட்டம் பிரிகிற கிளைகளில் அதேபோல் கவுண்டர்களைப் பொருத்திவிடும். கம்பைல் ஆகும்போதே ஒரு கோப்பு பிறக்கும். அதன் பெயரின் வால் ஜி.சி.என்.ஓ. எந்தக் கிளை எந்த வரியில் இருக்கிறது என்ற வரைபடம் அதில் இருக்கும். ஓடி முடிந்ததும் எழுதப்படுகிற எண்ணிக்கைக் கோப்பின் வால் ஜி.சி.டி.ஏ. ஜிகவ் என்ற கருவி இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு தெரியும்.

முதலில் பெயர். ‘பம்ப்’ என்ற கோப்பைத் தனியாகக் கம்பைல் செய்தால் எண்ணிக்கைக் கோப்புக்கும் பம்ப் என்றே பெயர் வரும். கம்பைல், துண்டுகளை இணைக்கும் லிங்க் இரண்டையும் ஒரே கட்டளையில் முடித்து, ப்ரோக்ராமுக்கு ‘மோட்டார்’ என்று பெயர் வைத்தீர்களா? ஜி.சி.சி. 11-இலிருந்து அது ‘மோட்டார்-பம்ப்’ ஆகிவிடும். பழைய பெயரைத் தேடுகிற ஸ்கிரிப்ட் வெறுங்கையோடு திரும்பும்.

இடம்தான் பெரிய விஷயம். கம்பைல் செய்ததும் கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்பு உருவான ஃபோல்டரின் முழுப் பாதையைக் கம்பைலர் ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதிவிடுகிறது. கோவையில் கம்பைல் செய்து, திருப்பூரில் ஒரு நிட்டிங் மெஷினில் இருக்கும் லினக்ஸ் போர்டில் ஓட்டுகிறோம் என்று வையுங்கள். போர்டில் போய் நின்றுகொண்டு அது கோவைக் கம்ப்யூட்டரின் ஃபோல்டரைத் தேடும். அனுமதி இருந்தால் அதே பாதையைப் புதிதாக உருவாக்கி அங்கே எழுதும். அனுமதி இல்லையென்றால் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி சொல்லும். திரையே இல்லாத போர்டில் அந்த வரியை யார் பார்ப்பது?

இதற்கு இரண்டு சூழல் மாறிகள், அதாவது ப்ரோக்ராமுக்கு வெளியிலிருந்து நாம் கொடுக்கும் அமைப்புகள், இருக்கின்றன. ஜிகவ் ப்ரீஃபிக்ஸ் என்பதில் நமக்கு வேண்டிய ஃபோல்டரைக் கொடுத்தால் பாதையின் முன்னால் அது சேரும். ஜிகவ் ப்ரீஃபிக்ஸ் ஸ்ட்ரிப் என்பதில் 3 என்று கொடுத்தால் பழைய பாதையின் முதல் 3 ஃபோல்டர் பெயர்கள் கழன்றுவிடும். ஹோம், பில்ட், மோட்டார், ஆப்ஜ் என்று இருந்த பாதையில் ஆப்ஜ் மட்டும் மிஞ்சி, நாம் சொன்ன ஃபோல்டருக்குள் போய்ச் சேரும். அங்கிருந்து எடுத்துவந்து வரைபடக் கோப்பின் பக்கத்தில் வைத்தால் ஜிகவ் படித்துவிடும். ஓட்டுவதற்கு முன்பே இதை அமைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று, நம் பகுதிக்கு மிக முக்கியம். ப்ரோக்ராம் ஒழுங்காக முடியும்போதுதான் எண்ணிக்கை எழுதப்படும். பம்ப் கன்ட்ரோலரில் ஓடும் ப்ரோக்ராம் முடிவதே இல்லை. மெயின் ஸ்விட்சை அணைத்தால் எண்ணியதெல்லாம் போச்சு. அதனால் ஜிகவ் டம்ப் என்ற அழைப்பை ப்ரோக்ராமுக்குள் நாமே வைத்து, வேண்டிய நேரத்தில் எழுத வைக்க வேண்டும். அப்புறம், ஜி.சி.டி.ஏ. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாகத் தொடங்காது; முந்தைய எண்ணிக்கையோடு கூட்டிக்கொண்டே போகும். ஒரு சோதனையை மட்டும் தனியாக அளக்க வேண்டுமானால் பழையதை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

க்ளாங் கம்பைலரின் வழி வேறு. அதன் சொந்தக் கவரேஜ் முறையில், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் டீஃபால்ட் டாட் ப்ரொஃப்ரா என்ற கோப்பை, ஓட்டுகிறபோது நிற்கும் ஃபோல்டரிலேயே எழுதும். தேடுவது சுலபம், ஆனால் அடுத்த ஓட்டம் அதன் மேலேயே எழுதிவிடும். எல்.எல்.வி.எம். ப்ரொஃபைல் ஃபைல் என்ற மாறியில் கொடுக்கும் பெயரில் சதவீதக் குறியும் பி எழுத்தும் சேர்த்துவிட்டால், ஓடுகிற ப்ரோக்ராமுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் ப்ராசஸ் எண் பெயரில் வந்து கோப்புகள் தனித்தனியாக நிற்கும். வணக்கம்.