ஐந்து தாள், ஓர் ஊசி, அரை மணி நேரம்: நாளைய பிறந்தநாளுக்கு இன்றைக்கே ஒரு பரிசு

வணக்கம்! நாளைக்குப் பிறந்தநாள். கடைக்குப் போக நேரமில்லை, பையிலும் பெரிதாக ஒன்றுமில்லை. கவலையே வேண்டாம். ஐந்து ஏ4 தாள், ஓர் ஊசி, கொஞ்சம் நூல் போதும். சட்டைப் பைக்குள் அடங்குகிற அழகான குறிப்பேடு தயார். ஆனால் தாளைத் தப்பாக மடித்தால் அந்த நோட்டு மூடவே மூடாது, வாயைப் பிளந்துகொண்டே கிடக்கும். அது ஏன் என்பதுதான் இன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

முதலில், ஏன் நோட்டு? 2012இல் வெளியான ஓர் ஆய்வில் சிலரைக் காகிதக் கொக்கும் தவளையும் மடிக்கச் சொன்னார்கள். மடித்தவர்கள் தங்கள் கொக்கை, கைதேர்ந்தவர்கள் செய்த கொக்குக்குக் கிட்டத்தட்ட சமமாக மதித்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. செய்தவருக்கு வரும் பாசம் வாங்குகிறவருக்குத் தானாக வந்துவிடாது. அதனால் அலமாரியில் தூங்கும் பொருளை விட்டுவிட்டு, தினமும் கையில் எடுக்கிற பொருளைச் செய்யுங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். கோடு போட்டது போல நேராக வரும். குறுக்கே கிழித்தால்? கோணல்மாணலாகப் போகும். விறகு நார்வாக்கில் பிளப்பது போலத்தான் இதுவும். காகித இயந்திரத்தில் கூழ் ஓடும்போது, இழைகளில் பெரும்பாலானவை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அந்த வாக்கிலேயே மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், மடிப்பும் வெடிக்கும்.

(திரையில்: தாளை அழுத்தாமல் இரண்டு பக்கமாகவும் வளைத்துப் பார்க்கும் கை)

எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவில் மடிப்புக்கோடு ஓடும் திசைதான் இழையின் வாக்கு. நாம் அச்செடுக்கப் பயன்படுத்தும் ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாக்கில்தான் இழை இருக்கும். அதை அப்படியே பாதியாக மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுகிறது. நோட்டு வாயைப் பிளப்பது இதனால்தான்!

அப்படியானால்? மடிக்காதீர்கள், முதலில் வெட்டுங்கள். ஐந்து தாளையும் குறுக்கே இரண்டாக வெட்டினால் பத்து ஏ5. இவற்றைப் பாதியாக மடித்தால் மடிப்பு இழையோடு சேர்ந்தே போகும். 40 பக்கம், 105க்கு 148 மில்லிமீட்டர். எத்தனை முறை பாதியாக்கினாலும் ஏ வரிசைத் தாளின் நீள அகல விகிதம் மாறாது. அதனால் குட்டி நோட்டும் பார்க்க லட்சணமாக இருக்கும். இன்னொரு அழகு: ஏ0 தாள் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர், அதில் பதினாறில் ஒன்று ஏ4. ஆக, 80 கிராம் தாள் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) என்றால் ஓர் ஏ4 வெறும் 5 கிராம். நம் நோட்டின் உள்தாள்கள் மொத்தமே 25 கிராம்! எனக்கு இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தருகிறது.

மேலட்டைக்குப் பழைய காலண்டர் தாள் அருமை. அதிலும் வாக்குப் பார்த்து மடியுங்கள். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேல் கீழ் ஓரங்களிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. 40 சென்டிமீட்டர் நூல் எடுங்கள். நடுத்துளையில் வெளியிலிருந்து உள்ளே, மேல்துளை வழியே வெளியே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் உள்ளே, மறுபடி நடுத்துளை வழியே வெளியே. இரண்டு நுனியும் முதுகில் ஓடும் நீள நூலின் இரு பக்கமும் இருக்கட்டும். அதை நடுவில் பிடித்து முடிச்சுப் போடுங்கள். நூலை இழுக்கும்போது மடிப்பின் வாக்கிலேயே இழுங்கள், தாளை விட்டு மேலே தூக்கி இழுத்தால் துளை கிழிந்துவிடும். உள்தாள்கள் ஓரத்தில் கொஞ்சம் துருத்தும், விருப்பப்பட்டால் வெட்டிக்கொள்ளலாம். எனக்கு அந்தப் படிக்கட்டு ஓரம்தான் பிடிக்கும்.

தைக்க வராதென்றால் ஒரு ஜாடி நிறைய கையால் எழுதிய சீட்டுகள் போட்டுக் கொடுங்கள், அதுவும் நல்ல பரிசே.

அப்புறம், முதல் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். வாங்குகிறவரோடு நீங்கள் சிரித்த ஒரு நாளைத் தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள். மிச்சம் 39 பக்கமும் அவருடையது. யாருக்காகத் தைத்தீர்கள் என்று கீழே கருத்தில் சொல்லுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.